பார்த்த படம்தான், மறுபடியும் பார்ப்போம்!

“பார்த்த படத்தையே எத்தனை தடவைதான் பார்ப்பது? பாடுபட்டுச் சம்பாதித்த காசுக்கும், கிடைக்கிற கொஞ்ச ஓய்வுக்கும் மதிப்பே இல்லையா?”

இந்தக் கேள்வியைப் பல வருஷங்களாகக் கேட்டு வந்தவன் நான். பணக்கார வீட்டுப் பிள்ளைகளையா கேட்டேன்? இல்லை. பகல் முழுதும் சேற்றில் குனிந்து நாற்று நடும் நமது பெண்களைக் கேட்டேன். இரவு ஷிப்ட் முடிந்து, பஞ்சுத் தூசியோடும் சிவந்த கண்களோடும் வீடு திரும்பும் ஆலைத் தோழர்களைக் கேட்டேன். சங்கக் கூட்டத்திலும் கேட்டேன், டீக்கடையிலும் கேட்டேன். பழைய படத்தில் கிடக்கும் ஜனங்களைத் தட்டி எழுப்புவது என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது தவறு என்று இப்போது தெரிகிறது. ஊழியன் ஒருவன் தன் தவற்றை உணர்ந்தால், அதை எந்த ஜனங்களிடம் செய்தானோ அவர்கள் முன்னாலேயே சொல்லுவதுதான் முறை. அதனால் இதை எழுதுகிறேன்.

சம்பவம் நடந்தது அச்சன்புதூரில். ஊரை அறியாத தோழர்களுக்குச் சொல்லுகிறேன். தென்காசிக்கு வடமேற்கே, மலையடிவாரத்தில், கார், பிசானம் என்ற இரண்டு போகத்தையும் நம்பி வாழும் வயல்காட்டு ஊர் அது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால், குளிக்க வந்தவர்கள் அருவியில் நின்று ஆனந்தப்படுகிறார்கள். அதே சாரல் இங்கே நடுகைக்காரப் பெண்களின் முதுகில் விழுகிறது. சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு அவர்கள் வேலையைத் தொடர்கிறார்கள்.

2022-ம் ஆண்டு ஆடி மாதம். நடுகைக் கூலி பற்றிப் பேச ஒரு மாலைக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தேன். வீடு வீடாகச் சொல்லியும் ஆயிற்று. போய்ப் பார்த்தால் வந்திருந்தவர்கள் 11 பேர்! அதிலும் இருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அன்று அம்மன் கோயில் கொடையில் வெள்ளைத்திரை கட்டிப் படம் போடுகிறார்கள். என்ன படம்? “பாகப்பிரிவினை.” 1959-ல் வந்த படம். பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் இளைஞர்கள் ஏற்பாடு செய்தார்களாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறுபது வருஷத்துப் படத்துக்காகக் கூலிப் பிரச்னையைக் கைவிடுவதா? ஆட்களைக் கையோடு அழைத்து வருவது என்று கோயில் மைதானத்துக்குப் போனேன். முன்வரிசையில், கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். நமது சங்கத்தில் ஆரம்பம் முதல் இருப்பவர். இவரே இப்படிச் செய்யலாமா என்று நேராக அவரிடம் போனேன்.

“ஆச்சி, கூலி விஷயம் பேச வரச் சொன்னேனே! இந்தப் படத்தை நீங்கள் முன்னே பார்த்ததில்லையா?”

“மூணு தடவ பாத்தாச்சு தம்பி. இது நாலாவது. மறைக்காம உக்காருங்க. கூலி எங்க போயிரப் போவுது? நாளைக்கும் அதே கூலிதான்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். உட்காருவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

படம் தெரியாத இளந்தோழர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒன்றாக வாழும் இரண்டு அண்ணன் தம்பிகளின் கூட்டுக் குடும்பம். தம்பியின் மூத்த மகன் கண்ணையன், ஒரு கையும் காலும் விளங்காதவன். வேஷம் சிவாஜி கணேசன். குடும்பத்துக்குள் எம். ஆர். ராதா நுழைகிறார். பாகம் பிரிகிறது, வீட்டின் நடுவே சுவர் எழும்புகிறது. கண்ணையனின் தகப்பனாராக நடித்தவர் செங்கோட்டை எஸ். வி. சுப்பையா. அச்சன்புதூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படியான ஊர்க்காரர். அந்தக் காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதிதான் நம்மோடு சேர்ந்தது. ஆனால் திரையில் சுப்பையா வந்து நின்றால் போதும், “நம்ம ஆளு” என்று நமது ஜனங்கள் அதற்கு முன்பே எல்லையைக் கோடு போட்டுத் தீர்த்துவிட்டார்கள்!

நான் படத்தைப் பார்க்கவில்லை. ஜனங்களைப் பார்த்தேன். வசனம் வருவதற்கு முன்னால் ஆச்சியின் உதடு அசைகிறது. அழுகைக் காட்சி வருவதற்கு முன்னால் முந்தானை கைக்கு வந்துவிடுகிறது. ராதா வாயைத் திறக்கும் முன்பே மைதானம் சிரிக்கிறது. அடுத்து என்ன என்று தெரியாதவர் அங்கே நான் ஒருவன்தான் போலிருக்கிறது. தெரிந்தவர்களின் சந்தோஷம் எனக்கு இல்லை. நடுவில் சாரல் வலுத்தது. திரை நனைந்து படபடத்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், வரப்பில் கஞ்சி குடிக்கும் நேரத்தில், ஆச்சியிடம் போய் உட்கார்ந்தேன். நாலு தடவை பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று, இந்தத் தடவை கோபமில்லாமல், கேட்டேன். அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

“மொத தடவ பாக்கும்போது எனக்குப் பத்து வயசு இருக்கும். பக்கத்து ஊருல டூரிங் கொட்டகை. நடுகை முடிஞ்சு அம்மா கூட்டிக்கிட்டுப் போனா. தரை டிக்கட்டு. மணலைக் குவிச்சு மேடாக்கி உக்காந்தோம். கண்ணையன் கையப் பாத்து அழுதேன், அவ்வளவுதான். ரெண்டாந் தடவ கலியாணம் ஆயிட்டு. மாமியா வீட்டுல ஓயாத சண்ட. அப்ப அந்தச் சுவரு இருக்குல்லா, அதப் பாத்து அழுதேன். மூணாந் தடவ டி.வி.யில. பண்ணை வீட்டு ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்தோம். அப்பதான் எனக்கு ஒண்ணு தோணிச்சு. பாகம் பிரிக்காவ, சுவரு வைக்காவ, எல்லாஞ் சரி. பிரிக்கதுக்கு அவியளுக்கு வீடு இருக்கு, வயலு இருக்கு. நமக்கு என்னத்தப் பிரிக்க? பன்னருவாளயா? இத்தன வருசமா யாரு வீட்டுப் பாகப்பிரிவினைக்கு நாம அழுதோம்னு நெனச்சேன். சிரிப்பு வந்துட்டு. ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கேன், உள்ள இருந்தவிய என்னன்னு திரும்பிப் பாக்காவ.”

“அப்படியானால் நாலாவது தடவை எதற்கு ஆச்சி?”

“அழத்தான். வெவரம் தெரிஞ்சா அழுக வராதா? சுப்பையா மொகத்தப் பாத்தா யாருக்கு வராது? என்ன தம்பி கேக்கிய நீங்க!”

தோழர்களே, நிலம் யாரிடம் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதைப் பற்றி நான் எத்தனையோ வகுப்பு நடத்தியிருக்கிறேன். ஆச்சியும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார். சில சமயம் தூங்கியும் இருக்கிறார். அந்தக் கேள்வி அவருக்குள் தானாக எழுந்தது பண்ணை வீட்டு ஜன்னலுக்கு வெளியே, ஓர் அழுகைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது. அந்தப் படம் அதைச் சொல்லித் தரவில்லை. குடும்பம் பிரியக் கூடாது, ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்லுகிறது. உழைப்பாளியின் கேள்வி அந்தக் கதையில் எந்த இடத்திலும் இல்லை. கேள்வியைக் கொண்டுவந்தது மூன்றாவது தடவை பார்த்த கண்.

முதல் தடவை பார்க்கும்போது கதை நமது கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்பதுதான் மனசு முழுதும். முடிவு தெரிந்த பிறகு அந்தப் பிடி விட்டுவிடுகிறது. அப்போதுதான் கண் தன் இஷ்டம்போல் திரையில் நடமாடுகிறது. பின்னால் தட்டு ஏந்தி நிற்கும் வேலைக்காரி யார்? பண்ணையார் வந்து இறங்கும் வண்டியை ஓட்டியவன் எங்கே போனான்? கதாநாயகி பாடுகிற வயலில் களை எடுத்தது யார்? அவர்களும் படத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பார்க்க இரண்டாவது டிக்கட் வாங்க வேண்டியிருக்கிறது.

இது சினிமாவால் வந்த புதுப்பழக்கம் என்று நினைத்ததும் என் அறியாமைதான். நெல்லைச் சீமையில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கிறோம். முத்துப்பட்டன் கதை பாடுகிறார்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பு நேர்ந்து வைக்கும் ஜனங்களுக்கு அந்தக் கதை தெரியாதா? பிராமணனாகப் பிறந்த பட்டன், வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசை கொண்டு, பூணூலை அறுத்துப் போட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டான். மாடு கவர வந்தவர்களோடு மோதி மாண்டான். பாட்டனும் கேட்டான், பேரனும் கேட்கிறான். “போன வருஷம் கேட்டதுதானே, புதுசாக ஏதாவது பாடு” என்று புலவரிடம் யாரும் சொன்னதில்லை. விடிய விடிய உட்கார்ந்து, பட்டன் சாகும் இடத்தில் தவறாமல் அழுதுவிட்டு, காலையில் வயலுக்குப் போகிறார்கள்.

இந்தக் கதைப் பாடல்களைத் தேடி எடுத்துப் பதிப்பித்தவர் நமது நெல்லைப் பேராசிரியர் நா. வானமாமலை (1917-1980). அவர் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். கதையைக் கைமாற்றியவர்கள் ஒரு கட்டத்தில் புதுச்சரடு ஒன்றைக் கோத்துவிட்டார்கள்: பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் உயர்குலத்துக் குழந்தைகளாம், பகடை வீட்டில் வளர்ந்தவர்களாம்! எதற்கு இந்தச் சரடு? பிராமணப் பிள்ளை சக்கிலியர் வீட்டுப் பெண்ணை மணந்தான் என்பதைச் சிலரால் செரிக்க முடியவில்லை; வேறு எதற்கு?

இதைப் படித்த பிறகு “மதுரை வீரன்” படத்தை மறுபடி பார்த்தேன். 1956-ல் வந்து சக்கைப்போடு போட்ட எம். ஜி. ஆர். படம். சேரிகளிலும் குடிசைகளிலும் அதைப்போலக் கொண்டாடப்பட்ட படம் குறைவு. காவல் தெய்வமாகக் கும்பிடும் வீரனைத் திரையில் பார்த்தால் கொண்டாட மாட்டார்களா? என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் சக்கிலியத் தம்பதியாக வந்து அவனை வளர்க்கிறார்கள். வளர்க்கத்தான் செய்கிறார்கள். பெற்றவன் காசிராஜன்! இங்கும் அதே சரடு. வாளெடுத்து நிற்கும் வீரம் அரண்மனை ரத்தத்திலிருந்துதான் வர வேண்டுமாம். இது சினிமாக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல, பழைய கதைப் பாடலிலேயே இருக்கிறது. சின்ன வயசில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. சண்டைக் காட்சிக்கு விசிலடித்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்க்கும்போது என் கண் கிருஷ்ணன், மதுரம் இருவர்மேல்தான் நிற்கிறது. கண்டெடுத்த பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தவர்கள் அவர்கள். அந்தப் படத்தில் எனக்கு வீரர்கள் அவர்களே.

அதற்காகப் படம் பிடிக்காமல் போய்விட்டதா? இல்லை. விசிலடிக்கும் இடத்தில் இன்றும் விசிலடிக்கத்தான் தோன்றுகிறது. ஆச்சி சொன்னதுதான் சரி. விவரம் தெரிந்தால் அழுகை வராமல் போய்விடாது.

என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்கென்று ஒரு படம் உண்டு. பி.ஆர். பந்துலு 1961-ல் எடுத்த “கப்பலோட்டிய தமிழன்.” ஆகவே ஆச்சியைக் கேள்வி கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை, நானே அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நல்ல விஷயத்துக்காகப் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்!

சிறுவனாகத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அது கப்பல் படம். வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டி போட்டு, 1906-ல் சுதேசிக் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரம் பிள்ளை. பத்தாவது முடித்து, வேலை தேடி அலைந்து, இயக்கத்துக்கு வந்த பிறகு பார்த்தபோது அது சிறைப் படம். கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்ட மனிதனைப் பார்த்து ரத்தம் கொதித்தது. பாரதியாக வரும் செங்கோட்டை சுப்பையாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பாரதியை நேரில் பார்த்தவர்கள் இன்று யாரும் இல்லை; நமது ஜனங்களில் பலருக்குப் பாரதி என்றால் சுப்பையா முகம்தான் மனசில் வருகிறது. சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகம். செங்கோட்டை வாஞ்சியும் படத்தில் வருகிறார்.

மூன்றாவது தடவை, ஒரு பஞ்சாலையில் நாங்கள் நடத்திய வேலைநிறுத்தம் தோற்ற மாதத்தில் பார்த்தேன். வேலை போன தோழர்கள் நாலு பேர் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு எனக்குக் கப்பலும் தெரியவில்லை, செக்கும் தெரியவில்லை. தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளிகள்தான் தெரிந்தார்கள்.

1908 பிப்ரவரி 27-ம் தேதி அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்த ஆலை ஹார்வி கம்பெனியுடையது. நமது பாபநாசம் ஆலையை 1885-ல் தொடங்கிய அதே ஹார்வி. கூலியை உயர்த்து, வேலை நேரத்தைக் குறை, ஞாயிற்றுக்கிழமை லீவு கொடு என்பவை கோரிக்கை. சங்கம் என்ற ஒன்று கிடையாது. சட்டம் கிடையாது. ஊர் ஜனங்கள் சோறு போட்டார்கள். சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் பின்னால் நின்றார்கள். சுமார் ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த வாரமே, மார்ச் 12-ம் தேதி, தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். 13-ம் தேதி திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். சிதம்பரம் பிள்ளைக்கு முதலில் விதித்த தண்டனை 40 வருஷம்! கப்பல் விட்டது மட்டும் அரசாங்கத்தின் கண்ணை உறுத்தவில்லை. கப்பல் விட்டவர் ஆலைத் தொழிலாளியோடு கைகோத்தாரே, அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

படத்தில் இந்தத் தொழிலாளிகள் கொஞ்ச நேரமே வருகிறார்கள், கும்பலாக வருகிறார்கள், பெயர் சொல்லத்தக்க பாத்திரமாக அவர்களில் ஒருவரும் மனசில் நிற்கவில்லை. ஆனால் வருகிறார்கள். என் பக்கத்தில் இருந்த தோழர் ஒருவர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒன்பதே நாளில் ஜெயித்தார்களா?” என்று படம் முடிந்த பிறகு இரண்டு தடவை கேட்டார். வேறொன்றும் பேசவில்லை.

இந்தப் படம் வந்த காலத்தில் பந்துலுவுக்கு லாபம் தரவில்லை. புராணக் கதையில் கைவைத்த அதே பந்துலுவின் “கர்ணன்” (1964), 2012-ல் புதுமெருகு போடப்பட்டு மறுபடி வெளியாகி நூறு நாளைத் தாண்டி ஓடியது. எம். ஜி. ஆரின் “ஆயிரத்தில் ஒருவ”னும் (1965) 2014-ல் அப்படியே வந்தது. பழைய படத்தை ஜனங்கள் மறுபடி பார்ப்பார்கள் என்பதை நம்மைப் போன்ற ஊழியர்களுக்கு முன்னால் வியாபாரிகள் தெரிந்துகொண்டார்கள்! நாம் திட்டிக்கொண்டிருந்தோம், அவர்கள் டிக்கட் அச்சடித்தார்கள்.

நாமும் படம் காட்டாமல் இல்லை. ராஜபாளையம் பக்கம் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் சோவியத் படமான “போர்க்கப்பல் பொட்டெம்கின்” (1925) காட்டினோம். புழுத்த இறைச்சியைத் தின்ன மறுத்து மாலுமிகள் எழுந்த கதை. உலகப் புகழ் பெற்ற படம். தொழிலாளிகள் மரியாதைக்காக ஒரு தடவை பார்த்தார்கள். சிலர் மரியாதையாகத் தூங்கினார்கள். அடுத்த மாதம் சாப்ளினின் “மாடர்ன் டைம்ஸ்” (1936) காட்டினோம். அதை மறுபடி போடு, மறுபடி போடு என்று மூன்று தடவை போட வைத்தார்கள். அதில் ஒரு காட்சி. சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க, தொழிலாளிக்குத் தானே ஊட்டும் ஓர் இயந்திரத்தை முதலாளிக்குக் காட்டுகிறார்கள். சாப்ளினைக் கட்டி உட்கார வைத்து, அது ஊட்டுகிற ஊட்டில் அவர் படும் பாடு! முதல் தடவை குடியிருப்பே உருண்டு சிரித்தது. மூன்றாவது தடவை, ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒருவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நமக்குச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷத்தைக் குறைத்தார்களே, அதுவும் இந்த மெஷின்தான். நம்முடையதற்கு உருவம் இல்லை, அவ்வளவுதான்.” அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி அதுவரை சங்கத்தில் ஒருவரும் புகார் எழுதவில்லை. அடுத்த வாரம் எழுதினார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம்மவர்களே எடுத்த ஒரு படம் இருந்தது. 1960-ல் வந்த “பாதை தெரியுது பார்.” தனி முதலாளி இல்லாமல், முற்போக்கு எண்ணம் கொண்ட பலர் கூடிப் பணம் போட்டு எடுத்தது. இயக்கியவர் நிமாய் கோஷ். தேசப் பிரிவினையில் வேரறுந்த ஏழைகளைப் பற்றி 1950-ல் “சின்னமூல்” என்ற வங்காளிப் படம் எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். இசை எம். பி. சீனிவாசன். கே. விஜயன் கதாநாயகன். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும், கே.சி.எஸ். அருணாசலமும், ஜெயகாந்தனும் பாட்டு எழுதினார்கள். படம் வந்தபோது பட்டுக்கோட்டை உயிரோடு இல்லை. 1959 அக்டோபரில் 29 வயதில் மறைந்துவிட்டார். தொழிலாளியையும் அவன் சங்கத்தையும் கதையின் நடுவில் வைத்த தமிழ்ப் படம் அது. மத்திய அரசின் தகுதிச் சான்றும் அதற்குக் கிடைத்தது. கொட்டகையிலோ நிலைக்கவில்லை.

இன்று அந்தப் படத்தை நீங்களும் நானும் உட்கார்ந்து பார்க்க வழியில்லை. பாட்டுகள் மட்டும் நிற்கின்றன. இன்றும் இரவு வானொலியில் அவற்றில் ஒன்று வந்தால் டீக்கடைப் பேச்சு நின்றுவிடுகிறது. படத்தை அப்போதே பார்த்த ஒரு முதுபெரும் தோழரை எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை பார்த்தவர். கதையைக் கேட்டால் ஆசையோடு சொல்லுவார். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொல்லுவார்! ஒரு தடவை சொன்ன கட்டம் அடுத்த தடவை இருக்காது. புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கும். குற்றம் அவருடையதல்ல. மறுபடி பார்க்க முடியாத படம் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஆச்சிக்குப் “பாகப்பிரிவினை” அறுபது வருஷம் அதே இடத்தில் நின்றது. அதனால் தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவரால் அளந்து பார்க்க முடிந்தது. நமது படம் நிற்கவில்லை.

போனது இது ஒன்று மட்டுமல்ல. தமிழ் பேசிய முதல் படம், 1931-ல் வந்த “காளிதாஸ்”, இன்று இல்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ஊமைப் படம் “கீசகவதம்” இல்லை. பழைய பிலிம் சுருள்களிலிருந்து வெள்ளி எடுக்கலாம் என்று உருக்கியவர்கள் உண்டு. ஓடி முடிந்த படம் குப்பை என்பதுதான் அன்றைய கணக்கு. அரசாங்கம் பூனாவில் திரைப்படக் காப்பகம் தொடங்கியது 1964-ல். அதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது. அங்கே வைத்திருந்த மிகப் பழைய நைட்ரேட் சுருள்களிலும் பல 2003-ல் தீயில் போயின. கோயில் கல்வெட்டைப் படியெடுத்துப் பாதுகாக்கிற நாடு, ஏழை ஜனங்கள் மணலில் உட்கார்ந்து பார்த்ததைப் பாதுகாக்க இவ்வளவு காலம் யோசித்தது.

பழைய படம் என்றால் எல்லாம் தங்கம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்டாட்டியை அறைந்தால் அவள் திருந்திவிடுவாள் என்று காட்டிய படங்கள் ஏராளம். பண்ணையார் கடைசி ரீலில் மனம் மாறிவிடுவார். நிஜத்தில் எத்தனை பண்ணையார் அப்படி மாறினார்கள் என்பது நமக்குத் தெரியும். நடிகரின் படத்துக்குப் பால் ஊற்றுகிறவர் நூறு தடவை பார்த்தாலும் முதல் தடவை பார்த்ததைத்தான் பார்ப்பார். அந்த நூறில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது எல்லாம் செல்போனில் வந்துவிட்டது; தனித்தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு பார்க்கிறார்களே என்று நம்மவர் சிலர் குறைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் குறைப்பட ஆரம்பித்தேன். பிறகு, பழைய தவற்றைப் புதுச் சட்டை போட்டு அழைத்து வருகிறேனோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். இரவு ஷிப்டுக்காரனுக்குக் கொட்டகை நேரமும் கிடையாது, கொடை நேரமும் கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கு, வீடு தூங்கும்போது, அவன் தனக்குப் பிடித்த பழைய படத்தில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் படுக்கிறான் என்றால் அதை யார் குறை சொல்ல முடியும்? சேர்ந்து பார்த்தால் ஆச்சி போல ஒருவர் பக்கத்தில் இருப்பார், அவர் சிரிப்பும் அழுகையும் நம்மையும் தொடும் என்பது மட்டும் உண்மை.

ஆகவே அச்சன்புதூரில் இப்போது ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறோம். கூலிக் கூட்டம் ஆறு மணிக்கு; ஏழரைக்குப் படம். இளைஞர்கள் திரையும் கருவியும் கொண்டு வருகிறார்கள். கூட்டத்துக்கு 11 பேர் வந்த காலம் போய்விட்டது. படம் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று ஒரு தோழர் முகத்தைச் சுளித்தார். முன்னாலேயே வந்து உட்கார்ந்து கூலி பேசுகிறார்களே, அது போதாதா என்றேன்.

அடுத்த படம் எது என்று கைதூக்கித் தீர்மானித்தோம். நான் “கப்பலோட்டிய தமிழன்” என்று பிரேரேபித்தேன். ஆச்சி “மதுரை வீரன்” என்றார். என் பக்கம் 9 கை. மற்றதெல்லாம் அந்தப் பக்கம். தோற்றுவிட்டேன். கிருஷ்ணன், மதுரம் வரும் காட்சிகளில் பக்கத்தில் இருப்பவர்களிடம் நான் பேசக்கூடாது என்று ஆச்சி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்; படம் முடிந்த பிறகு பேசலாமாம்.

சாரல் காலம். வருகிறவர்கள் கொங்காணி கொண்டு வரவும். திரைக்கு முன்னால் நின்று மறைக்க வேண்டாம்.